குவெரி முடிவை எந்த ஃபைலாகச் சேமிப்பது?

2025 மார்ச் 3, திங்கள், மாலை 6.40
(திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

"டேட்டாபேஸில் குவெரி (தகவல் கேட்கும் கட்டளை) போட்டு மாதாமாதம் பட்டியல் எடுத்து ஆபீஸுக்கு அனுப்புகிறேன். சேமிக்கப் போனால் சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரித்த டெக்ஸ்ட்), டேப் வைத்த டெக்ஸ்டா என்று கேட்கிறது. வேறு பட்டனை அமுக்கினால் ஆர்பிடி என்கிறது. உள்ளே இருப்பது எல்லாம் ஒரே எழுத்துதானே? எப்போதும் சிஎஸ்வி என்று வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?"

மார்ச் 3, இரவு 9.15

கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் குறைந்துவிடும். எனக்கு நடந்தது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால் சங்கம். காலையும் மாலையும் பால் ஊற்றுகிறவர்களின் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) எல்லாம் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏறும். அதைப் பார்த்துக்கொள்வது நான். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. பட்டியலை சிஎஸ்வியாக எடுத்துச் செயலாளர் அண்ணனுக்கு அனுப்புவேன், அவர் வங்கிக்கு அனுப்புவார். முதல் இரண்டு தடவை ஒரு குறையும் இல்லை. வந்ததை அவர் திறக்காமல் அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். மூன்றாவது தடவை, பெயர் வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று எக்செல்லில் திறந்தார்.

கணக்கு எண்கள் 16 இலக்கம். திறந்ததும் அந்தப் பத்தி முழுக்க ஏதோ புள்ளி வைத்து "ஈ பிளஸ் 15" (E+15) என்று முடிந்தது. அவர் என்ன செய்வார் பாவம், பத்தியைத் தேர்ந்தெடுத்து "நம்பர்" என்று மாற்றினார். 16 இலக்கமும் தெரிந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்து சேமித்தார், அனுப்பினார்.

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். பதினாறாவது இடத்தில் சைபரைப் போட்டுவிடும். 43 பேர் பட்டியலில் 39 பேருக்குப் பணம் திரும்பி வந்தது. மீதி 4 பேருக்குப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் கணக்கு எண் இயல்பாகவே சைபரில் முடிகிறது. எனக்கு இது விளங்க இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் ஓர் அப்பத்தா சங்கத்துக்கே வந்துவிட்டார். "நான் ஊத்துனதும் பாலுதானய்யா? ஏன் எனக்கு மட்டும் காசு வரல?" அவருக்கு மட்டும் இல்லை என்று சொல்லக்கூட அப்போது எங்களுக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்ததே பெரிய விஷயம். தவறான எண் இன்னொருவருடைய கணக்காக இருந்திருந்தால்?

மார்ச் 3, இரவு 11.50

படுத்தும் தூக்கம் வரவில்லை, ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். மேலே எழுதியதைப் படித்தால் சிஎஸ்விதான் குற்றவாளி என்று தோன்றும். இல்லை. நான் அனுப்பிய ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன், 16 இலக்கமும் பத்திரமாக இருந்தது. திறந்து, மறுபடி சேமித்தபோதுதான் போனது.

சிஎஸ்வியில் வெறும் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. இது எண், இது தேதி, இது எண் போலத் தெரிகிற பெயர் என்றெல்லாம் டேட்டாபேஸுக்குத் தெரியும். ஃபைலில் அந்த அறிவு இல்லை. திறக்கிற மென்பொருள் தானாக ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் ஒரு எச்சரிக்கைகூட வராது.

மார்ச் 5, புதன்

கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸைக் கையாளும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ. அதில் மூன்று வழி: முடிவைக் கட்டமாகக் காட்டுவது, எழுத்தாகக் காட்டுவது, நேரே ஃபைலுக்குத் தள்ளுவது. கட்டத்தின்மேல் வலது கிளிக் செய்து சேமித்தால் சிஎஸ்வியும் டேப் டெக்ஸ்டும் கிடைக்கும். நேரே ஃபைலுக்குத் தள்ளினால்தான் ஆர்பிடி. பெயரைப் பார்த்து ஏதோ ரிப்போர்ட் மென்பொருளின் ஃபைல் என்று பலர் நினைக்கிறார்கள். அது இடைவெளி போட்டு நிரப்பிய சாதாரண டெக்ஸ்ட். கண்ணால் பார்க்க நன்றாக இருக்கும், இன்னொரு மென்பொருளுக்குக் கொடுக்க உதவாது.

எழுத்தாகக் காட்டும் வழியில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பத்திக்கு 256 எழுத்துதான் என்பது அங்கே தொடக்க அமைப்பு. நீளமான குறிப்பு, மனு விவரம் இருந்தால் 256-இல் வெட்டிவிடும், வெட்டியதாகச் சொல்லாது. அமைப்புகளில் போய் 8192 வரை கூட்டலாம்.

சிஎஸ்விக்குப் போனால் வேறு பள்ளம். "12, மேல மாசி வீதி, மதுரை" என்று முகவரி இருந்தால் உள்ளே இரண்டு கமா. அதை மேற்கோளுக்குள் வைக்க ஒரு டிக் பெட்டி இருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், குவெரி ரிசல்ட்ஸ் வழியாக "ரிசல்ட்ஸ் டு கிரிட்" பக்கத்துக்குப் போங்கள். தொடக்கத்தில் அது டிக் இல்லாமல்தான் இருக்கும். தலைப்பு வரி வேண்டும் என்பதற்கான டிக்கும் அதே பக்கத்தில். போட்டுவிட்டுப் புது குவெரி ஜன்னல் திறக்க வேண்டும், ஏற்கெனவே திறந்திருப்பதில் மாறாது. இது தெரியாமல் நான் அரைநாள் டிக்கை எடுத்து எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த "நல்". மதிப்பே இல்லாத இடத்தில் ஸ்டுடியோ நான்கு ஆங்கில எழுத்தில் "நல்" (NULL) என்று ஃபைலில் எழுதிவிடும். தமிழில் படித்தால் நல்ல சொல், கடித உறையில் வந்தால் ஆகாது. ஒரு திருமண மண்டபத்துக்கு முகவரிச் சீட்டு அடித்துக் கொடுத்தபோது, இரண்டாம் வரி முகவரி இல்லாத எல்லாருடைய சீட்டிலும் அது அச்சாகி வந்தது. குவெரியிலேயே வெற்று எழுத்தாக மாற்றிவிட்டு எடுங்கள்.

மார்ச் 9, ஞாயிறு

தமிழ் எழுத்து. இதற்கு உட்கார்ந்து எழுத நேரம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தேன்.

முதல் தொல்லை எல்லோருக்கும் தெரிந்தது. சிஎஸ்வியை இரட்டை கிளிக் செய்தால் தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறியும் திரும்பத் திரும்ப வரும். காரணம் இதுதான். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். தமிழ் முழுக்க ஒரே வட்டாரத்தில் இருப்பதால் முதல் இரண்டு பைட்டும் பெரும்பாலும் ஒன்றே. எக்செல் அதைப் பழைய மேற்கத்திய எழுத்தாக நினைத்துப் படித்தால் முதல் பைட் கோடு போட்ட எழுத்தாகவும் இரண்டாவது பதிவுக் குறியாகவும் தெரியும். ஆகவே அந்த வட்டத்துக்குள் ஆர் நிறையத் தெரிந்தால் பயப்படாதீர்கள், தகவல் போகவில்லை, படிக்கிற முறைதான் தவறு. ஆனால் அப்படியே சேமித்துவிட்டால் போச்சு. மூடிவிட்டு வேறு வழியில் திறங்கள்.

தீர்வு, ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளம். அது இருந்தால் எக்செல் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். எப்போதும் பிஓஎம் போட்டே சேமியுங்கள்.

இரண்டாவது தொல்லையை நான் வேறு எங்கும் படித்ததில்லை. ஒரு சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல், பல வருடங்களுக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்தது. அதை எஸ்க்யூஎல் சர்வரில் ஏற்றி வைத்திருந்தார்கள். சிஎஸ்வியாக எடுத்தேன். பெரும்பாலான வரிகள் ஒழுங்கு, நடுநடுவே சில வரிகள் மட்டும் ஒரு கட்டம் வலது பக்கம் நகர்ந்திருந்தன. பெயர்ப் பத்தி காலி, பெயரின் மீதி அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில். யாருடைய வரிகள் என்று பார்த்தேன். இருளாயி, இருளப்பன், இராமக்காள், இன்பராணி. எல்லாம் இகரத்தில் தொடங்குபவை.

பாமினியில் "இ" எழுத்து உட்கார்ந்திருப்பது கமா பொத்தானில். திரையில் இகரம், டேட்டாபேஸுக்குள் கமா! நம் பக்கம் குலதெய்வத்தின் பெயரால் இருளாயியும் இருளப்பனும் எத்தனை பேர் இருப்பார்கள், அத்தனை வரியும் நகர்ந்துவிட்டன. சரி, கமாவுக்குப் பதில் அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைக்கலாம் என்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். பாமினியில் அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. ஒவ்வொரு க், ங், ச் இடத்திலும் வெட்டு விழும். "ஈ"யோ இடது கூர்க்குறி. கையால் ஒட்டவைத்த எக்ஸ்எம்எல்லில் (அந்தக் குறியை வைத்தே தகவலைப் பிரிக்கும் ஃபைல்) ஒரு ஈஸ்வரி வந்தால் போதும், மொத்த ஃபைலும் திறக்காது.

டேப் வைத்து எடுத்தபோதுதான் சரியாக வந்தது. அன்று டேப்புக்கு மனதார நன்றி சொன்னேன். பிறகு யூனிகோடுக்கு மாற்றி, அதன்பின் சிஎஸ்வி. வரிசை இதுதான், முதலில் டேப்பில் வெளியே எடு, மாற்று, பிறகு மற்றதை யோசி.

மார்ச் 10, திங்கள், காலை

நேற்று "எப்போதும் பிஓஎம்" என்று எழுதியது தவறு. திருத்திக்கொள்ளுங்கள்.

மனிதர் எக்செல்லில் திறக்கிற ஃபைலுக்குத்தான் பிஓஎம். இன்னொரு டேட்டாபேஸில் ஏற்றப்போகிற ஃபைலுக்கு வேண்டாம். தலைப்பு வரி இல்லாத ஃபைலை பிஓஎம்மோடு போஸ்ட்கிரெஸில் ஏற்றினால், முதல் வரி முதல் கட்டத்தில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டு, இது எண்ணே இல்லை என்று நிற்கும். பைதான் நிரலில் படித்தால் முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். "உறுப்பினர் எண்" என்ற பத்தி இல்லை என்று சொல்லும், திரையில் பார்த்தால் இருக்கும். இதைத் தேடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்த ஒரு தம்பி நேற்று இரவு படித்துவிட்டு எனக்கு எழுதினார். நியாயமான கோபம்.

மார்ச் 10, மதியம்

பாமினி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மற்ற பழைய எழுத்துருக்களில் கமா எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு கிடையாது. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது 2010-இல்தான். அதற்கு முன் அடித்தது எதுவாக இருந்தாலும், இரண்டு மூன்று பெயரை எடுத்து உள்ளே என்ன குறி கிடக்கிறது என்று பார்க்காமல் ஃபைல் எடுக்காதீர்கள்.

மார்ச் 16, ஞாயிறு

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியது எனக்கும் நடந்ததே. கண்மாய்ப் பாசன நிலங்களின் பட்டியல். சர்வே எண் 12/3, 10/2, 7/11. சிஎஸ்வியைத் திறந்தால் எல்லாம் தேதி. 12/3 அவர் கம்ப்யூட்டரில் மார்ச் 12, பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் டிசம்பர் 3, ஏனென்றால் அதில் அமெரிக்க அமைப்பு. 45/2 மட்டும் தப்பித்திருந்தது என்று அவர் எழுதுகிறார். அவர் கம்ப்யூட்டரில் தப்பித்திருக்கலாம், ஆனால் நம்பாதீர்கள். நாளாகப் பொருந்தாவிட்டால் மாதம், வருடம் என்று பொருத்திப் பார்க்கும் பழக்கம் எக்செல்லுக்கு உண்டு. 2/45 என்ற வீட்டு எண் 1945 பிப்ரவரி ஆனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 45/2ஏ போல உட்பிரிவு எழுத்து வந்தால்தான் நிச்சயமாகத் தப்பும்.

ஒரு பட்டாவில் ஒரு சர்வே எண் மாறினால் அந்தக் குடும்பம் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும்! அதனால்தான் இதை இத்தனை தூரம் எழுதுகிறேன்.

நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போன்ற சுருக்கப் பெயர் உள்ள சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது, எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால். அது 2020-இல் அறிவிக்கப்பட்டது. தானாக மாற்றுவதை நிறுத்தும் அமைப்பை எக்செல் 2023-இல்தான் கொடுத்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் இருக்கும். ஆனால் அதைத் திறக்கிறவர் தன் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டும். நாம் அனுப்புகிற ஃபைலோடு சேர்த்து அனுப்ப முடியாது.

மார்ச் 16, சற்று நேரம் கழித்து

உறுப்பினர் குறியீடு வைப்பவர்களுக்கு: வார்டு எண், நடுவில் தெருவைக் குறிக்க ஆங்கில "ஈ", பிறகு வரிசை எண் என்று வைக்காதீர்கள். 3-ஈ-07 என்பதைக் கோடு இல்லாமல் சேர்த்து எழுதினால் எக்செல் அதை 3-க்குப் பின் ஏழு சைபர், அதாவது மூன்று கோடி என்று படிக்கும். மற்ற தெருக்கள் எல்லாம் ஒழுங்காக இருக்க, "ஈ" தெரு மட்டும் கோடீஸ்வரத் தெரு ஆகிவிட்டது.

மார்ச் 22, சனி

"கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் எழுத்தாகவே இருக்குமே" என்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். எக்செல்லில் இருக்காது. மேற்கோள் என்பது கமாவையும் வரி முறிவையும் உள்ளே வரும் மேற்கோளையும் காப்பாற்ற மட்டும். சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற குறிப்பிலும் மேற்கோளின் வேலை அவ்வளவுதான், "இது எழுத்து" என்று சொல்லும் வேலை அதற்கு இல்லை. மேற்கோளுக்குள் 00417 இருந்தாலும் எக்செல் 417 என்றுதான் காட்டும்.

லிப்ரே ஆபீஸில் கதை வேறு. அது திறக்கும் முன்பே ஒரு ஜன்னல் போட்டு எந்தக் குறியாக்கம், எந்தப் பிரிப்பான், எந்தப் பத்தி எழுத்து என்று கேட்கும். மேற்கோளுக்குள் இருப்பதை எழுத்தாகவே வைக்கவா என்றுகூட ஒரு டிக் உண்டு. சிஎஸ்வியைச் சோதிக்க நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

எக்செல்லிலும் இரட்டை கிளிக்கை விட்டுவிட்டு "டேட்டா" மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக உள்ளே எடுத்தால், வகையைக் கண்டுபிடிக்காதே என்று சொல்ல முடியும். செயலாளர் அண்ணனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பட்டுவாடா வரை செய்தார். மூன்றாவதில் மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காலை ஐந்து மணிக்குப் பால் அளக்கத் தொடங்கி இரவு எட்டு மணிக்குத்தான் கம்ப்யூட்டர் முன் வந்து உட்காருகிறார். சரியான படியை நினைவில் வைக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றியது என் தவறு.

மார்ச் 23, ஞாயிறு

ஆதார் எண் 12 இலக்கம், அது தப்புமா என்று ஒரு கேள்வி. 15-க்குள் இருப்பதால் மதிப்பு போகாது, ஆனால் 11 இலக்கத்துக்கு மேல் போனாலே எக்செல் "ஈ பிளஸ்" வடிவத்தில்தான் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகவே மறுபடி சேமித்தால் திரையில் தெரிகிற வடிவத்தைத்தான் ஃபைலில் எழுதும். அப்போது நிஜமாகவே போய்விடும்.

அதைவிட முக்கியம், பால் பட்டுவாடாப் பட்டியலில் ஆதார் எண் எதற்கு? எங்கள் குவெரியிலும் இருந்தது, யாரோ எப்போதோ சேர்த்தது. எடுத்துவிட்டேன். வாட்ஸப்பில் சுற்றுகிற ஃபைலில் அது இருக்கவே கூடாது. எந்த ஃபார்மட் என்று கேட்கும் முன் எந்தப் பத்தி போக வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும், இந்த இழையில் அதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

யோசித்து யோசித்து என் நிலையை மாற்றிக்கொண்டேன். மனிதர் திறக்கப் போகிறார் என்றால் சிஎஸ்வி கொடுக்காதீர்கள், எக்செல்லின் சொந்த ஃபைலான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கொடுங்கள். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வகை எழுதலாம். கணக்கு எண், சர்வே எண், உறுப்பினர் எண், போன் நான்குக்கும் "எழுத்து" என்று எழுதி அனுப்பினால் எக்செல் ஊகிக்காது. பிஓஎம் தொல்லையும் இல்லை, தமிழ் தானாக வரும். பைதானில் இருபது வரிக்குள் எழுதிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒரு தாளில் 10,48,576 வரி வரைதான். பழைய எக்ஸ்எல்எஸ் என்றால் 65,536. 2020 செப்டம்பர் 25-இலிருந்து அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள். ஆய்வகங்களிலிருந்து சிஎஸ்வியாக வந்ததைப் பழைய எக்ஸ்எல்எஸ்ஸில் ஏற்றியதால், அளவுக்கு மேற்பட்ட வரிகள் உள்ளே ஏறவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் அதனால் தாமதமானது. நம் சங்கத்தில் 65,536 பேர் இல்லைதான், ஆனால் ஐந்து வருடத்துப் பால் வரவை ஒரே ஃபைலில் கேட்டால் அதைத் தாண்டிவிடும்.

இன்னொன்று அந்தப் பச்சை முக்கோணம். எழுத்தாக வைத்த எண்ணின் மூலையில் சின்னதாகப் பச்சையில் வரும். ஏதோ பிழை என்று தோன்ற வைக்கும். அதைக் கிளிக் செய்தால் "எண்ணாக மாற்றவா" என்று கேட்கும். மாற்றினால் மறுபடி 15 இலக்கம், மறுபடி சைபர். அண்ணனிடம் இதற்கு மட்டும் ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறேன்: பச்சையைத் தொடாதீர்கள். மூன்று படியை நினைவு வைப்பதைவிட இது எளிது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வீட்டில் வேப்பம்பூப் பச்சடி ஆனதும் உட்கார்ந்தேன், சிறு குறிப்பு.

மையெஸ்க்யூஎல் டேட்டாபேஸில் "இன்டு அவுட்ஃபைல்" (முடிவை ஃபைலாக எழுதும் கட்டளை) போட்டு ஃபைலைக் காணோம் என்கிறவர்களுக்கு: அது சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரில் எழுதும், உங்கள் கம்ப்யூட்டரில் தேடிப் பயனில்லை. அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் எழுத மறுக்கும். தலைப்பு வரியும் தராது. எதுவும் சொல்லாவிட்டால் பிரிப்பான் டேப்தான், கமா இல்லை. போஸ்ட்கிரெஸிலும் வெறும் "காப்பி" ஃபைல் பெயரோடு போட்டால் சர்வரில் எழுதும், முன்னால் பின்சாய்கோடு (\) வைத்த "காப்பி" உங்கள் பக்கம் எழுதும். பின்சாய்கோடு வைத்ததை ஒரே வரியில் எழுத வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் சிஎஸ்வியில் எனக்குப் பிடித்தது ஒன்று: மதிப்பே இல்லாததை ஒன்றும் எழுதாமல் விடும், வெற்று எழுத்தை இரண்டு மேற்கோளாக எழுதும். போன் நம்பர் தெரியாது என்பதும் போனே இல்லை என்பதும் வேறு வேறு என்று அதற்குத் தெரிகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜேசன் என்ற ஃபைல் வடிவம் பற்றிக் கேட்டவர்களுக்கு. மென்பொருளிலிருந்து மென்பொருளுக்கு என்றால் நல்லது, உள்ளுக்குள் உள்ளாக அடுக்கிய தகவலுக்கு அதுதான் சரி. ஆனால் 16 இலக்கக் கணக்கு எண்ணை அதிலும் மேற்கோளுக்குள் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 9,007,199,254,740,991 வரைதான் முழு எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதுவும் 16 இலக்கம்தான் என்பதால் சோதனையில் தப்பித்துவிட்டு, 92 என்று தொடங்கும் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

பழைய பால் வரவு எல்லாவற்றையும் சேமித்து வைக்க நான் பார்கே என்ற ஃபைல் வடிவத்துக்கு மாறிவிட்டேன். பத்தி பத்தியாக அடுக்குவதால் கொழுப்பு 4.1, 4.2, 4.1 என்று ஒரே மாதிரி வருவது நன்றாகச் சுருங்குகிறது. வகையும் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது, எடுத்தால் தேதி தேதியாகவே வருகிறது. செயலாளர் அண்ணன் இரட்டை கிளிக் செய்தால் திறக்காது. எனக்கு இங்கே அதுவே பாதுகாப்பு.

மே 4, ஞாயிறு

தொகையை "1,25,450.50" என்று அழகாகக் கமா போட்டுக் குவெரியிலேயே எடுக்காதீர்கள். மேற்கோள் இல்லாத சிஎஸ்வியில் ஒரு தொகை மூன்று கட்டமாகப் பிரியும். வெறும் எண்ணாக எடுங்கள், கமாவை எக்செல் போட்டுக்கொள்ளட்டும். தேதியும் 2025-05-04 என்ற வடிவத்தில். நாள் முதலில் வைத்தால் அமெரிக்க அமைப்புள்ள கம்ப்யூட்டரில் 12 வரை உள்ள நாட்கள் மாதமாக மாறும், 13 முதல் மாறாமல் நிற்கும். பாதி சரி, பாதி தவறு. முழுக்கத் தவறாக இருந்தாலாவது உடனே கண்ணில் படும்.

மே 7, புதன்

இந்தத் தடவை எனக்குப் பதற்றம். 10 இரண்டாம் சனிக்கிழமை, 11 ஞாயிறு, 12 அழகர் ஆற்றில் இறங்குகிறார். பணம் 9-ஆம் தேதிக்குள் போகவேண்டும், இல்லாவிட்டால் திருவிழாவுக்குக் கையில் காசில்லாமல் எல்லோரும் நிற்பார்கள். திரும்பி வந்தால் திருத்தி அனுப்ப நாளே இல்லை.

எனவே ஒரு சரிபார்ப்பு சேர்த்தேன். குவெரியிலேயே "முடிவு" என்று தனிப் பத்தி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம். கணக்கு எண் எங்காவது மாறினாலும் இது மாறாமல் நிற்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபைலின் அடியில் மொத்த வரி எண்ணிக்கையும் மொத்தத் தொகையும்.

மே 8, வியாழன்

நேற்றைய ஏற்பாட்டில் ஓட்டை. 0731 என்று முடியும் கணக்கின் "முடிவு" 731 என்று வந்தது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எழுதும்போது புதுப் பத்திக்கு "எழுத்து" என்று சொல்ல மறந்திருக்கிறேன். சொன்னேன். அதையும் நம்பாமல் முன்னால் ஒரு "க" சேர்த்துவிட்டேன். க0731. பச்சையை யார் தொட்டாலும் இது எண்ணாக மாற வழியில்லை.

மே 9, வெள்ளி, மதியம் 1.20

இப்போது 44 பேர், ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். செயலாளர் அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக முடிவைப் படித்தார், நான் டேட்டாபேஸில் பார்த்துக்கொண்டே வந்தேன். இருபது நிமிடம். அந்த அப்பத்தாவின் வரி வந்ததும், "தம்பி, அப்பத்தா பாஸ்புக்க இங்கதான் குடுத்து வச்சிருக்கு, அதுலயே பாக்குறேன்" என்று எடுத்துப் படித்தார். 0731. பொருந்தியது.

மே 9, மாலை 5.50

44 பேருக்கும் போய்விட்டது. அனுப்பியது எக்ஸ்எல்எஸ்எக்ஸ், அதே குவெரியின் சிஎஸ்வி யாரும் திறக்காமல் என்னிடம். திருமங்கலத்துக்காரர் இதைப் படித்தால் ஒன்று சொல்லவேண்டும்: உங்கள் ஆபீஸில் அந்தப் பட்டியலைத் திறப்பது யார், எதில் திறக்கிறார், திறந்துவிட்டு சேமிக்கிறாரா? அது தெரியாமல் இன்னும் உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.